முதலில் காப்பி, பிறகுதான் காப்பி

வடக்குத்து ஊரில் ஒரு கல்யாணப் பந்தி. பாயச வாளி அடுத்த வரிசையில் வந்துகொண்டிருந்தது. பக்கத்து இலைக்காரர் என் பக்கம் சாய்ந்தார்.

"சார், நீங்க கம்ப்யூட்டர் சர்வீஸ்ல இருந்தவருதான? பையனுக்கு லேப்டாப் பாத்துகினு இருக்கோம். எஸ்எஸ்டி போட்டது எடுங்க, எஸ்எஸ்டி போட்டது எடுங்கன்னு கடக்காரரு ஒரே புடியா நிக்குறாரு. நம்பி வாங்கலாமா?"

"வாங்கலாங்க. ஆனா..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் வாளி எங்கள் வரிசைக்கு வந்துவிட்டது. அவருக்கு 'வாங்கலாங்க' போதுமாயிருந்தது. என்னுடைய 'ஆனா' வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இதே கேள்வியை என்னிடம் கேட்காத ஆள் குறைவு. யாருமே அந்த 'ஆனா'வுக்குக் காது கொடுத்ததில்லை. அந்த ஆனாவை இங்கே எழுதி வைக்கிறேன். வேண்டியவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

நான் நெல்லிக்குப்பத்துக்காரன். ஐடிஐ முடித்து, டேப்ரெக்கார்டரும் டிவியும் பழுது பார்த்து, கம்ப்யூட்டர் என்ற பெட்டி ஊருக்குள் வந்ததும் அதையும் கழற்றிப் பார்த்தேன். எதைப் பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும் எனக்கு. இந்தக் குணத்துக்குச் சம்பளமும் தருகிறார்கள் என்று தெரிந்து மந்தாரக்குப்பத்தில் ஒரு சர்வீஸ் சென்டரில் சேர்ந்தேன். கடைகள், பள்ளிகள், கான்ட்ராக்டர் ஆபீஸ்கள், பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் வீடுகள் என்று எங்கே கம்ப்யூட்டர் படுத்தாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். கடைசி வரை அங்கேதான் இருந்தேன்.

எங்கள் மேலாளர் எத்திராஜ் சார். இளவயதில் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் உருளைகளின் பேரிங்கைப் பார்த்தவர். பார்த்தவர் என்பது தவறு, கேட்டவர். ஓடுகிற பேரிங்கின் மேல் கம்பியை வைத்து, மறுமுனையைக் காதோரம் வைத்தால் உள்ளே தேய்ந்திருப்பது கேட்குமாம். கம்ப்யூட்டருக்கு வந்த பிறகும் அவர் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

ஹார்ட் டிஸ்க் என்பது உள்ளே தட்டு சுற்றுகிற சாமான். நாம் சேமிப்பதெல்லாம் அந்தத் தட்டில்தான் பதிகிறது. தட்டு சுற்றும்போது சத்தம் வரும், பழுதானால் சத்தம் மாறும். யாராவது ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தால் எத்திராஜ் சார் முதலில் மேசையில் துண்டை நான்காக மடித்துப் போடுவார். டிஸ்க்கை அதன் மேல் வைத்து, கரண்ட் மட்டும் கொடுப்பார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை டிஸ்க்கின் மூடியில் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். இடது கை மேலே போகும். அந்தக் கை இறங்கும் வரை சென்டரில் ஒருவரும் பேசக் கூடாது, நாற்காலியைக்கூட இழுக்கக் கூடாது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்ததுபோல் வாடிக்கையாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"இவன் இன்னும் கொஞ்ச நாள் தாங்குவான்" என்பார் சில நேரம். "இவனுக்கு இன்னைக்கே பால ஊத்திடலாம்" என்பார் சில நேரம். பெரும்பாலும் அப்படியே நடக்கும்.

டிஸ்க் பிழைத்த சந்தோஷத்தில் வாடிக்கையாளர், "சார், இருங்க, ஒரு காப்பி சொல்லிட்டு வர்றேன்" என்று கிளம்புவார். உடனே எத்திராஜ் சார் ஸ்க்ரூடிரைவரை நீட்டித் தடுப்பார்.

"மொதல்ல காப்பி. அப்புறந்தான் காப்பி."

முதல் காப்பி, டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுப்பது. இரண்டாவது, குடிக்கிற காப்பி. அவர் சென்டருக்கென்று எழுதாத சட்டம் ஒன்றுண்டு என்றால் அது இதுதான். முதல் காப்பி முடியாமல் யாரும் இரண்டாவதில் வாய் வைக்க முடியாது. எத்தனை தம்ளர் ஆறிப்போய் ஆடை கட்டியிருக்கிறது என்பது எங்கள் டீக்கடைக்காரருக்குத்தான் தெரியும்.

இந்த இடத்துக்குத்தான் எஸ்எஸ்டி வந்து சேர்ந்தது. இரண்டாயிரத்துப் பத்துக்குக் கொஞ்சம் பிறகு என்று நினைவு. ஒரு கான்ட்ராக்டரின் மகன் சென்னையிலிருந்து வாங்கி வந்து மாட்டித் தரச் சொன்னார். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் மாட்டும், உள்ளங்கையில் அடங்கும் தட்டையான பெட்டி. சுற்றும் தட்டு இல்லை, மோட்டார் இல்லை, வெறும் சில்லுகள். எத்திராஜ் சார் வழக்கம்போல் துண்டை மடித்தார், ஸ்க்ரூடிரைவரை வைத்தார், கண்ணை மூடினார், கையைத் தூக்கினார். கை இறங்கவே இல்லை. கடைசியில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"என்னய்யா குணசேகரு, இது பேசவே மாட்டேங்குது?"

"அதுக்கு வாயே இல்ல சார்."

"அப்ப வேணாம். வாயுள்ள புள்ள பொழைக்கும். ஹார்ட் டிஸ்க்கு சாகுறதுக்கு முன்னாடி கத்தும், நம்மளக் கூப்பிடும். இது சொல்லாம கொள்ளாமப் போயிடும். ஊமை ஊரைக் கெடுக்கும்யா."

எனக்கோ அதன் மேல் ஆசை வந்துவிட்டது. மாட்டி முடித்து பட்டனை அழுத்தியபோது, வழக்கமாக நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்கிற நேரத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குத் தயாராக நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு செத்துப்போன எஸ்எஸ்டி ஒன்று கைக்குக் கிடைத்ததும் பிரித்தே பார்த்தேன். ஒரு பச்சை அட்டை, அதில் சில கறுப்புச் சில்லுகள். கடலை மிட்டாயை உடைத்தால்கூட உள்ளே கொஞ்சம் ஏதாவது இருக்கும். இவ்வளவுதானா என்று ஏமாற்றமாகவும் இருந்தது, இவ்வளவுக்குள் எப்படி என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

வடக்குத்துப் பக்கம் தனியார் எடைமேடை ஒன்று இருந்தது. லாரி ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சின்ன அறையின் சுவரே அதிரும். அந்த அதிர்வில் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு அடிவாங்கி அடிவாங்கி, அங்கே எந்த டிஸ்க்கும் ஒரு வருஷத்தைப் பார்த்ததில்லை. எத்திராஜ் சார் ரப்பர் வைத்துப் பார்த்தார், தெர்மாகோல் வைத்துப் பார்த்தார், பழைய டயர்த் துண்டுகூட வைத்துப் பார்த்தார். நான் எஸ்எஸ்டி வைத்துப் பார்த்தேன். ஆடுகிற சாமான் உள்ளே எதுவும் இல்லாததால் அது எந்த லாரிக்கும் அசையவில்லை. நான் ஓய்வு பெற்ற நாளிலும் அதே எஸ்எஸ்டி அங்கே ஓடிக்கொண்டிருந்தது. எத்திராஜ் சார் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சரி, மேடைக்கு ஆவும்" என்றார். மற்ற இடத்துக்கு ஆகாது என்று அதற்கு அர்த்தம்.

அந்தத் தெம்பில்தான் ஜெரினாவுக்கு எஸ்எஸ்டி வாங்கச் சொன்னேன்.

ஜெரினா மந்தாரக்குப்பம் கடைவீதியில் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி கடை வைத்திருந்தார். படத்தை முதலில் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு தையலாக வரைய வேண்டும். ஊசி எங்கே குத்த வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே நூல் மாற்ற வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தால்தான் மெஷின் அதைத் துணியில் போடும். பள்ளிச் சட்டைகளின் பாக்கெட்டில் வைக்கும் சின்னங்கள், கல்யாண ரவிக்கைகள், பர்தாவின் கை ஓரப் பூ வேலை என்று எல்லாம் அவரே வரைந்தவை. யாரிடமும் போய்க் கற்றதில்லை. அவர் போட்ட மயில் ஒன்று உண்டு. கழுத்து திரும்பும் இடத்தில் நீல நூல் பச்சையாக மாறுவது கண்ணுக்கே தெரியாது. அந்த மயிலுக்காகக் கடலூரிலிருந்துகூட ரவிக்கை கொடுக்க வருவார்கள்.

எஸ்எஸ்டி மாட்டியதும், "என்ன குணா அண்ணே, பட்டன்ல கை வெச்சா முன்னால வந்து நிக்குது!" என்று ஜெரினா கைதட்டினார். ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாகவே ஓடியது. பள்ளி திறக்கும் சமயம் நெருங்கிய ஒரு காலையில் கம்ப்யூட்டர் பெட்டியையே தூக்கிக்கொண்டு சென்டருக்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"டிஸ்க்கே இல்லன்னு சொல்லுதுண்ணே."

கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினேன். அங்கேயும் டிஸ்க் இல்லை என்றது. கேபிளை மாற்றினேன், கரண்ட் பின்னை மாற்றினேன். நான் மாட்டியிருப்பது எஸ்எஸ்டியா செங்கல்லா என்று அதற்குத் தெரியவில்லை. காப்பி எடுத்து வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். பென் டிரைவில் பழைய பூக்கள் கொஞ்சம் இருந்தன. பள்ளிச் சின்னங்கள் இல்லை, மயில் இல்லை.

"ஸ்கூல் சின்னத்த ராப்பகலா ஒக்காந்து திரும்பப் போட்டுடுவேண்ணே. மயில எப்புடிப் போட்டேன்னு எனக்கே தெரியாது. அது ஒரு தடவ கையில வந்துச்சு, அவ்ளோதான். அது போனா கட எனக்கு வெறும் தையக் கடதான்" என்றார். வாங்குங்கள் என்று சொன்ன வாய் என்னுடையது.

எத்திராஜ் சார் வாடிக்கையாளர் முன்னால் என்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அது அவர் குணம். எழுந்து வந்து எஸ்எஸ்டியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். துண்டு மடிக்கவில்லை, ஸ்க்ரூடிரைவரைத் தொடவில்லை. ஜெரினாவுக்கு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"இது பேசாதும்மா. அதனால நீ பேசு. நேத்து கட சாத்துனதுலேர்ந்து என்னென்ன நடந்துச்சு, ஒண்ணு விடாம சொல்லு."

"வழக்கம்போலதான் சார். ஷட்டவுன் குடுத்தேன், டிவிப் பொட்டிய அணைச்சேன்..."

"மானிட்டரயா?"

"ஆமா சார். எதுக்கு சும்மா எரியணும்? அப்புறம் அவங்க வந்து மெயின் சுவிட்ச எறக்குனாங்க, ஷட்டர சாத்துனோம். அவ்ளோதான்."

அவங்க என்றது கணவர் ஷாஜகானை. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீசியன். அன்று காலை ஷிப்ட் முடிந்து வந்து பியூஸைப் போட்டுக் கடை திறந்தவர், டிஸ்க் இல்லை என்றதும் மெயினை மறுபடி இறக்கிவிட்டு அவரும் அங்கே வந்துவிட்டார். எத்திராஜ் சார் அவர் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா, மெயின எப்ப எறக்குவ?"

"வேல முடிஞ்சதுந்தான் சார். எறக்கிட்டு பியூஸக் கழட்டி என் பாக்கெட்ல போட்டுக்குவேன். மைன்ஸ்ல எங்களுக்கு அதுதான் பாடம். பியூஸ் எங்கிட்ட இருந்தாதான் யாரும் தெரியாம லைன போட முடியாது." சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து வெள்ளைப் பீங்கான் பியூஸைப் பெருமையோடு எடுத்துக் காட்டினார்.

"என்னங்க, அத ஏன் இங்க தூக்கிட்டு வந்தீங்க? தையல் மெஷின் பாக்க வந்தவரு கரண்ட் இல்லாம கடயில காத்துக்கெடக்குறாரு!" என்றார் ஜெரினா. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு முட்டியது.

எத்திராஜ் சார் சிரிக்கவில்லை. "வேல முடிஞ்சுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ஷாஜகானுக்கு அது என்ன கேள்வி என்று தோன்றியிருக்க வேண்டும். "சத்தத்த வெச்சுதான் சார். முன்னாடி உள்ள கரகர, கரகரன்னு ஓடிகினு இருக்கும். அது நின்னப்புறந்தான் எறக்குவேன். இப்ப புதுசு போட்டதுலேர்ந்து இவ பட்டன அமுத்துனதுமே நின்னுடுதே."

"கம்ப்யூட்டர் உள்ள ஃபேன் சத்தம் வருமே?" என்று நான் கேட்டேன்.

"ஃபேன் சத்தம் கணக்கில்ல சார். ஃபேன் காத்துக்குச் சுத்துது. வேல சத்தந்தான கணக்கு?"

எத்திராஜ் சார் மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார். தம்ளர்கள் ஆறிப்போக, நாங்கள் இத்தனை வருஷம் காதால் செய்த வைத்தியத்தைத்தான் அந்த மனிதர் ஒவ்வொரு மாலையும் தன் கடையில் செய்துகொண்டிருந்தார். சத்தம் நின்றால் வேலை நின்றது. ஹார்ட் டிஸ்க்குக்கு அது சரி. எஸ்எஸ்டி வேலை செய்யும்போதும் சத்தம் போடாது. திரையும் இருட்டு. உள்ளே அது பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே இவர் பியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டிருக்கிறார், அதுவும் ஒரு வருஷமாக. கரண்ட் போனால் தாங்க வேண்டிய யூபிஎஸ் பேட்டரியோ செத்துப் பல மாதம் ஆகியிருந்தது.

"அது சாகலய்யா" என்றார் எத்திராஜ் சார். "பேசிகினு இருக்கும்போதே வாயப் பொத்தியிருக்காங்க."

அவர் எஸ்எஸ்டியைப் பற்றி நல்லதாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். எனக்கும் அப்போதுதான் மூளை ஓடியது. எஸ்எஸ்டி, குடோன் மேஸ்திரி மூட்டைகளை இடம் மாற்றிக்கொண்டே இருப்பதுபோல, நம் ஃபைல்களை உள்ளுக்குள் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். எது எங்கே இருக்கிறது என்ற கணக்கையும் அதுவே எழுதி வைத்துக்கொள்ளும். கணக்கு எழுதும் நேரத்தில் கரண்ட் போனால், மூட்டையெல்லாம் இருக்கும், மேஸ்திரிக்குத்தான் புத்தி கலங்கிப்போயிருக்கும். அப்படிக் கலங்கியதற்கு ஒரு வழி உண்டு என்று இன்டர்நெட்டில் படித்திருந்தேன். டேட்டா கேபிளை மாட்டாமல் கரண்டை மட்டும் கொடுத்துச் சும்மா விட்டுவிட வேண்டும். யாரும் எதுவும் கேட்காமல் இருந்தால், அது தன் கணக்கைத் தானே சரிபார்த்துக்கொள்ளும். அரைமணி விட்டு, கழற்றி, மறுபடி அதேபோல் ஒரு தடவை. எல்லா எஸ்எஸ்டிக்கும் பலிக்காது. பலிக்காமல் போனதையும் நான் பார்த்திருக்கிறேன்.

நல்ல பேட்டரி உள்ள யூபிஎஸ்ஸில் செருகினோம். கரண்ட் நடுவில் போய்விடக் கூடாது, யாரும் ஒயரை மிதித்துவிடக் கூடாது. ஷாஜகான் தானாகவே ஒரு ஸ்டூலை இழுத்து அந்த பிளக்குக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டார். வாழ்நாளெல்லாம் லைனை யாரும் போட்டுவிடக் கூடாது என்று காவல் இருந்த மனிதர், அன்றைக்கு யாரும் அணைத்துவிடக் கூடாது என்று காவல் இருந்தார். பெருக்குகிற அம்மா விளக்குமாற்றோடு அந்தப் பக்கம் வந்ததும், "அக்கா, அக்கா, இந்தப் பக்கம் வேணாம்" என்று இரண்டு கையையும் விரித்தார். பியூஸைத் திரும்பப் பாக்கெட்டில் போடவும் மனம் வராமல் கையிலேயே வைத்திருந்தார். ஜெரினா அவரை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

முதல் தடவை கேபிளை மாட்டிப் பார்த்தேன். டிஸ்க் இல்லை. ஜெரினா தலையைக் குனிந்துகொண்டார். எத்திராஜ் சார் என் தோளைத் தொட்டு, "இன்னொரு தபா விடு. அவசரப்படாத" என்றார். ஊமையை நம்பாத மனிதர், இப்போது அதற்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்க்ரூடிரைவர் சட்டைப் பையில் இருந்தது. இரண்டு தடவை கை அதன் பக்கம் போய்த் திரும்பி வந்தது.

இரண்டாவது தடவை கேபிளை மாட்டினேன். திரையில் அதன் பெயர் வந்தது.

"வந்துடுச்சு" என்றேன். ஃபோல்டரைத் திறந்தேன். பூக்கள், பள்ளிச் சின்னங்கள், கடைசியில் மயில். ஜெரினா, "அல்லாவே" என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அழுவதைப் பார்த்து ஷாஜகான் எழுந்தார். "சார், இருங்க சார், ஒரு காப்பியாவது..."

எத்திராஜ் சார் ஸ்க்ரூடிரைவரை நீட்டினார். "ஒக்காருப்பா. மொதல்ல காப்பி."

ஒன்றுக்கு இரண்டாக எடுத்து முடித்த பிறகுதான் தம்ளர்கள் வந்தன. அன்றைக்குக் காப்பி சூடாகவே இருந்தது.

அதன் பிறகும் எத்திராஜ் சார் எஸ்எஸ்டியை மனதார ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சென்டரில் யார் எஸ்எஸ்டி வாங்கினாலும், "வூட்ல மெயின எறக்குறது யாரு?" என்று அவர் கேட்க ஆரம்பித்தார். வாடிக்கையாளர்கள் விழிப்பார்கள். எனக்கு மட்டும் புரியும்.

பந்தியில் சொல்லாமல் விட்ட என் ஆனா இதுதான். எஸ்எஸ்டி வாங்கலாம், நம்பலாம், ஹார்ட் டிஸ்க்கைவிட அடி தாங்கும், ஓட்டம் நூறு மடங்கு சுகம். ஆனால் அது வேலை செய்வதும் தெரியாது, சாவதும் தெரியாது. கத்திக் கூப்பிடும் என்று காத்திருக்காமல் காப்பியை நாமே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சத்தம் இல்லை என்பதற்காக வேலை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

சுரங்கத்தில் லைனை அணைத்து வேலை பார்க்கும்போது சுவிட்சில் ஒரு அட்டை தொங்கவிடுவார்கள், 'ஆட்கள் வேலை செய்கிறார்கள், சுவிட்சைப் போடாதே' என்று. அடுத்த வாரம் ஜெரினாவின் கடைக்குப் போனபோது மெயின் சுவிட்சில் ஒரு துணி அட்டை தொங்கியது. பள்ளிச் சட்டைக்கு வெட்டிய வெள்ளைத் துணியின் மிச்சம். அதில் சிவப்பு நூலில், 'உள்ளே வேலை நடக்கிறது, அணைக்காதே' என்று தைத்திருந்தது. ஓரத்தில் அந்த மயில், கழுத்தைத் திருப்பிக்கொண்டு. யோசனை ஷாஜகானுடையதாம். பியூஸ் இப்போது ராத்திரியிலும் அதன் இடத்திலேயே இருக்கிறது என்றார் ஜெரினா.

நான் ஓய்வு பெற்ற அன்று அதேபோல் ஒன்றை எனக்கும் தைத்துக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டு மெயின் சுவிட்சில் தொங்குகிறது. பகலில் சாப்பிட்டுவிட்டு நான் சத்தமில்லாமல் சாய்ந்து கிடக்கும்போது என் மனைவி அதைப் படித்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, "உள்ள வேல நடக்குதாம்ல, உள்ள!" என்பாள். நடக்கிறது. சத்தம்தான் இல்லை.